கட்டணக் கந்தோருக்காக ஓடிய சாமத்தியவீடு

மிஸஸ் ஹார்டி என் படிவத்தை ஒரு முறை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, நான் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி வட்டம் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். சிவப்புப் பேனை என் கையில் இருந்துதான் பழக்கம். அது எதிர்ப்பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு காதும் சுட்டன.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. தென் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கின் கட்டண அலுவலகம், எங்கள் பேச்சில் கட்டணக் கந்தோர். மாணவர் பதிவு வாரத்துத் திங்கட்கிழமை. எனக்கும் மிஸஸ் ஹார்டிக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கென்று ஒரு துளை விட்டிருந்தார்கள். ஆறடி உயரமானவர்களை மனதில் வைத்துத்தான் அதை வெட்டியிருக்க வேண்டும். நான் நுனிக்காலில் நின்று பேசினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களின் கம்பளிக் கோட்டுகள் மழையில் நனைந்து மணத்தன.

“இதை நீங்கள்தான் எழுதினீர்களா?” என்று கேட்டார் மிஸஸ் ஹார்டி.

நான்தான் எழுதினேன். ‘இந்த நாட்டில் எவ்வளவு காலம் தங்குவதாக உத்தேசம்?’ என்பது கேள்வி. ‘என் நாட்டில் நிலைமை சீரானதும் திரும்பிப் போய்விடுவேன்’ என்பது என் பதில். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“அப்படியானால் நீங்கள் இங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம்.”

ஓர் அட்டையைக் காட்டினார். இடப்பக்க நிரலில் உள்ளூர் மாணவர் கட்டணம், வலப்பக்க நிரலில் வெளிநாட்டு மாணவர் கட்டணம். கணக்கு டீச்சர் சும்மா நிற்பாளா? நின்ற நிலையிலேயே பெருக்கிப் பார்த்தேன். இடப்பக்கத் தொகையை நாலால் பெருக்கினாலும் வலப்பக்கம் வரவில்லை.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நாலு கையெழுத்து

சென்ற வாரம் இந்தப் பத்தியில், கோலியர்ஸ் வுட்டில் வாழ்த்து அட்டை பக்டரியில் வேலை செய்த கதையை எழுதியிருந்தேன். அட்டையில் தூவும் மினுக்கத் தூள் என் சோற்றுக்குள்ளும் வந்தது என்று எழுதியதைப் படித்துவிட்டு, அங்கே என்னோடு வேலை செய்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “சோத்திலை மட்டுமே? என்ரை கலியாணப் படத்திலையும் மினுங்குது” என்றார்.

அந்தத் தூளோடுதான் கிழமையில் இரண்டு பின்னேரம் நான் பொலிடெக்னிக்குக்குப் போய்வந்தேன். கணினியும் புள்ளிவிபரவியலும் பகுதி நேரமாகப் படித்தேன். அந்த வகுப்புக்குச் சிறிய கட்டணம்தான், அதுவும் எல்லோருக்கும் ஒன்றே. எந்த நாடு, எப்போது வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை.

படிப்பித்தவர் ஒரு வெல்ஷ்காரர், நல்ல மனிதர். ஒருநாள் அவர் பலகையில் எழுதிய சமன்பாட்டில் ஒரு குறி பிழைத்துவிட்டது. என் வாய் சும்மா இருக்காது. எழுந்து சொன்னேன். அடுத்த கிழமையும் ஒரு பிழை. மூன்றாம் தடவை அவர் வெண்கட்டியை என் கையில் தந்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வருட முடிவில் என்னைக் கூப்பிட்டு, “இந்த வகுப்பில் உங்களுக்கு வேலை இல்லை. பகல் பட்டப்படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டுக்கு மாறுங்கள். நான் எழுதித் தருகிறேன்” என்றார். அன்றைக்கு பஸ்ஸில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனேன். உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

மாறுவதற்கு ஓர் இளஞ்சிவப்புத் தாள் இருந்தது. அதில் நாலு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். நாலு பேரும் நாலு கட்டடத்தில் இருந்தார்கள். ஒருவர் மதியத்துக்கு முன்னர் வர மாட்டார், இன்னொருவர் மதியத்துக்குப் பின்னர் இருக்க மாட்டார். பக்டரியில் பல்வலி என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் நாலு கையெழுத்தையும் வாங்கினேன். ஐந்தாவதாக ஒரு படி இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதுதான் கட்டணக் கந்தோர்.

முழு நேர மாணவர் என்றால் உள்ளூரா, வெளிநாடா என்று பார்ப்பார்கள். மூன்று வருடம் இந்த நாட்டில் வழக்கமாக வாழ்ந்தவர் உள்ளூர் மாணவர். அவருடைய கட்டணத்தை உள்ளூராட்சிக் கவுன்சில் கட்டிவிடும். அப்போது அப்படித்தான் இருந்தது. மற்றவர்கள் வலப்பக்க நிரலைச் சொந்தக் காசில் கட்ட வேண்டும். எங்களிடம் அந்தக் காசு இல்லை, கடன் தரவும் ஆளில்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த இடம் கைவிட்டுப் போனால் இன்னொருமுறை வராது. வேலை செய்யும் வயது முடியும்வரை கிறிஸ்மஸ் அட்டையில் அச்சான குருவிகளுக்கு மினுக்கத் தூள் தூவிக்கொண்டிருப்பேன்.

மேசை இல்லாத வீடு

ஏன் அப்படி ஒரு பதிலை எழுதினாய் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்று லண்டனில் இருந்த எங்கள் ஆட்களில் யாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். படிவத்தில் எழுதுகிற அளவுக்கு விசர் பிடித்தவள் நான் ஒருத்திதான், அவ்வளவே வித்தியாசம்.

‘வாற சித்திரைக்கு ஊரிலை’ என்று சொல்லுவோம். சித்திரை வந்து போகும். ‘தைக்கு’ என்போம். பாரமான சாமான் எதுவும் வாங்க மாட்டோம். பிளேனில் கொண்டுபோக ஏலாததை வாங்கி என்ன செய்வது? எங்கள் அறையில் மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசை இருக்கவில்லை. உடுப்பு அழுத்தும் பலகையைத் தாழ்த்தி வைத்து, அதில் சோற்றுக் கோப்பையை வைத்துத்தான் சாப்பிட்டோம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பல்லுக் கட்டுவதைக்கூட ஊரில் போய்ப் பார்ப்போம் என்று ஒத்திவைத்தார். முன்பல் இல்லாமலே ஆறு கலியாணப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் திரும்பிப் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். போய் இருக்கவில்லை. ஆனால் அன்று எழுதிய வாக்கியத்தில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

வெட்டச் சொன்னவர்கள்

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இவர், என் கணவர், பெற்றோல் ஸ்டேஷன் சீருடையைக்கூட மாற்றவில்லை, அப்படியே கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார். பதற்றமில்லாத மனிதர். எங்கள் வீட்டில் பதறுவதற்கு நான் ஒருத்தி போதும் என்று நினைத்திருப்பார்.

“இஞ்சரும், ஒரு வரிதானே? அதை வெட்டிப்போட்டு, ‘இஞ்சையே இருக்கப்போறன்’ எண்டு எழுதிக் குடும்.”

“பொய் எழுதச் சொல்லுறியளோ?”

“பொய் எண்டு ஆர் கண்டது? போவமோ இல்லையோ எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.”

“அப்ப அவரையே வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ.”

இவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் சிவம் அண்ணையும் அதையே சொன்னார். மேல் அறையில் வாடகைக்கு இருந்த குடும்பமும் அதையே சொன்னது. குசினியில் ஆறு பேர் நின்று ஒரு வரியை வெட்டுவதற்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். சோறு அடிப்பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

நான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. பல்வலிப் பொய்யைப் பற்றிச் சற்று முன்தான் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து சேருவதற்குள் சொன்ன பொய்களுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். அவற்றுக்காக எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் இந்த ஒரு வரியை வெட்டப் பேனையை எடுத்தபோது கை வரவில்லை.

அம்மா அப்போது ஊரில் தனியே இருந்தார். மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் ‘வந்துவிடுவேன்’ என்று முடிப்பேன். அதே கையால் ‘வரமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தால் அது அப்படியே பலித்துவிடும் என்று பயந்தேன். பயம்தான், கொள்கை ஒன்றும் இல்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெளியே மேல் அறைப் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டே நின்றது.

நிலவறை அக்கா

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் பொலிடெக்னிக்குக்குப் போனேன். நிலவறையில் மாணவர் நலன் கந்தோர் ஒன்று இருப்பதாக வெல்ஷ்காரர் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தால் ஒரு தமிழ்ப் பெண். பொட்டும் வைத்து, அரைக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இருந்தார். பெயர் லெட்சுமி. ஈப்போவில் இருந்து எழுபதுகளில் படிக்க வந்து, இங்கேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்ட மலேசியத் தமிழர்.

படிவத்தின் பிரதியை வாங்கி வாசித்தார். வட்டத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நீங்க எழுதுனதுல தப்பு இல்ல டீச்சர். அவங்க படிச்ச விதம்தான் தப்பு.”

“வெட்டத் தேவையில்லையோ அக்கா?”

“எதுக்கு வெட்டணும்? மூணு வருஷமா நீங்க எங்க வாழ்றீங்கன்னுதான் சட்டம் கேக்குது. நாளைக்கு எங்க போகப் போறீங்கன்னு அது கேக்கவே இல்ல. ஒருநாள் போகணும்னு ஆசை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் ரெண்டு வருஷத்துல திரும்பிடுவேன்னு வந்தவ லா. எங்கம்மா இன்னும் என் கட்டில மடிக்கல.”

அப்போதே தட்டெழுத்து இயந்திரத்தில் தாளைச் செருகி, ஒரு பக்கக் கடிதம் அடித்தார். என்ன வேகம். ‘மாணவியின் எதிர்கால எண்ணம் இந்த முடிவுக்குச் சம்பந்தமில்லாதது’ என்ற வரியை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் பலமாக அடித்தார்.

புதன்கிழமை மிஸஸ் ஹார்டி என்னைக் கூப்பிட்டார். பதிவுப் பிரிவின் மேலாளர் மிஸ்டர் எல்லிஸ் கடிதத்தை ஏற்றுக்கொண்டாராம். அந்த வாக்கியம் இனித் தடையில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“ஆனால் மூன்று வருடம் நீங்கள் இங்கே வழக்கமான வாழ்க்கை வாழ்ந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்கு, இப்படி ஏதாவது.”

கால் மறுபடியும் தரையில் நின்றது.

வாடகையைக் கையில்தான் கொடுத்தோம். கடிதம் கேட்டால் சிவம் அண்ணை, “என்ரை பேரை இழுக்காதை பிள்ளை. அறை வாடகைக்கு விடுறது கவுன்சிலுக்குத் தெரியாது” என்று கும்பிட்டார். மின்சாரத்துக்கு மீற்றருக்குள் ஐம்பது பென்ஸ் போட்டோம். வங்கிக் கணக்கு திறந்து ஒரு வருடம்தான். பக்டரிச் சம்பளச் சீட்டு ஒன்றரை வருடத்துக்கு இருந்தது. அதற்கு முன்னர் வீட்டில் இருந்து கழுத்துப் பட்டி தைத்தேன், அதற்கு ஒரு துண்டும் இல்லை. கடவுச்சீட்டு குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் கிடந்தது. குரோய்டனில் இருந்து வந்த கடிதம் நான் தங்கலாம் என்று சொன்னது. தங்கினேன் என்று சொல்லவில்லை.

வழக்கமான வாழ்க்கைக்கு யார்தான் ரசீது எழுதி வைத்தார்கள்?

வெட்டி எறிந்த படம்

அன்று பின்னேரம் வீட்டில் விருந்தாளிகள். மேல் அறைக் குடும்பம் தங்கள் மூத்த மகளின் சாமத்தியவீட்டு வீடியோவை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டும். பிள்ளை பெரியபிள்ளையானதைப் பள்ளிக்கூட மண்டபம் எடுத்து முந்நூறு பேரைக் கூப்பிட்டுக் கொண்டாடி, அதை மூன்று மணி நேர வீடியோவாக்கி வைத்திருப்பது அந்நாளைய வழக்கம். இப்போதும் வழக்கம்தான், மண்டபம்தான் பெரிதாகிவிட்டது.

எனக்கு இருந்த எரிச்சலில் கதவடியில் நின்றே பார்த்தேன். ஆலாத்தி எடுக்கும் காட்சியில் ஓரமாக ஒரு முழங்கையும் தட்டும் தெரிந்து மறைந்தன. என் முழங்கை. என் தட்டு. படத்தின் கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் திகதி. இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி.

நான் அந்த இடத்திலேயே, “குகன்ரை நம்பர் ஆரிட்டை இருக்கு?” என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குகன்தான் தென் லண்டன் முழுவதற்கும் வீடியோக்காரன். கிழமை நாட்களில் சுப்பர்மார்க்கட்டில் பெட்டி தூக்குவான், சனி ஞாயிறு தோளில் கமராவைத் தூக்குவான். சட்டனில் ஒரு சின்ன பிளாட்டில் தனியாக இருந்தான். கசெற்றுகள் சுவரை மறைத்து நிறைந்திருந்தன. வியாழக்கிழமை காலை அங்கே போய் நின்றேன். இந்தமுறை பக்டரிக்குப் பல்வலி என்று சொல்லவில்லை, உண்மையைச் சொன்னேன். மேற்பார்வைக்காரி, “போய் வென்று வா” என்றாள்.

“குகன், மூண்டு வருசமா நீர் எடுத்த படத்திலை நான் எங்கையெல்லாம் நிக்கிறன் எண்டு பாக்கவேணும்.”

அவன் தலையில் கை வைத்தான். “அக்கா, உங்களை வெட்டி வெட்டியே என்ரை கை உளைஞ்சு போச்சு. ஐயர் தாலியை எடுத்துக் குடுக்கேக்கை கமராவுக்கு முன்னாலை தண்ணிச் செம்போடை போறது நீங்கள்தான். கேக் வெட்டேக்கை பின்னாலை நிண்டு கோப்பை எண்ணுறதும் நீங்கள்தான். கலியாண வீட்டுக்காரருக்கு வெட்டிக் குடுக்கிற கசெற்றிலை நீங்கள் இல்லை. வெட்டாத கசெற் முழுக்க நீங்கள்தான்.”

வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்ன மிக நல்ல செய்தி அதுதான்.

இருவரும் பகல் முழுவதும் இருந்து தேடினோம். பதினொரு வைபவங்கள். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், ஒரு தீபாவளி. ஒவ்வொன்றிலும் நான் வரும் இடத்தைத் தாளில் குறித்தேன். கசெற் திகதியை மட்டும் நம்ப மாட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடிதம் வாங்கி வா என்று லெட்சுமி அக்கா தொலைபேசியில் சொன்னார். குகன் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு சட்டன், குரோய்டன், ரூட்டிங் என்று சுற்றினான். மூன்று கதவைத் தட்டும் முன்பே செய்தி எங்களை முந்திவிட்டது. நாலாவது வீட்டில் கடிதம் எழுதி, உறையில் போட்டு, வாசலிலேயே நீட்டினார்கள். கூடவே தேத்தண்ணியும்.

கனகசபை அண்ணை வீடு மட்டும்தான் எனக்குத் தயக்கம். அவருடைய மகளின் கலியாணத்தில், வடை கல்லாக இருக்கிறது என்று நான் சொல்லப்போய், இரண்டு வருடம் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கடிதம் தாறன். ஆனா நடந்ததை நடந்தபடிதான் எழுதுவன்.”

“நடந்தபடியே எழுதுங்கோ அண்ணை. அதுதான் வேணும்.”

ஓடியது படம்

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. லெட்சுமி அக்கா பேசி ஒழுங்கு செய்த, நூலகத்தில் தொலைக்காட்சி வைத்த ஒரு சின்ன அறை. நான், குகன், லெட்சுமி அக்கா, மிஸஸ் ஹார்டி. கடைசியாக மிஸ்டர் எல்லிஸ் வந்தார். மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். கையில் என் படிவம். அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

“இது யாருடைய திருமணம்?” என்று கேட்டார் மிஸஸ் ஹார்டி.

“திருமணம் இல்லை” என்றேன். என்ன வைபவம் என்று விளக்கினேன்.

“எத்தனை பேருக்கு முன்னால்?”

“முந்நூறு.”

“பாவம் அந்தப் பிள்ளை” என்றார். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

முதல் கசெற்றில் நான் சுவரோரம் நிற்கிறேன். சேலைக்கு மேல் யாரோ தந்த ஆண்பிள்ளைக் கோட்டு. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவதில் பூத்தட்டுத் தூக்குகிறேன். ஐந்தாவதில் குசினி வாசலில் நின்று சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கே புதிதாக இருந்தது. ஏழாவதில் ஒரு கைக்குழந்தை என் இடுப்பில் இருக்கிறது, யாருடைய குழந்தை என்று இன்றுவரை தெரியாது.

மிஸ்டர் எல்லிஸ் நாலாவது கசெற்றில் இருந்து என்னைத் தானே கண்டுபிடிக்கத் தொடங்கினார். “அதோ நிற்கிறீர்கள், தூணுக்குப் பின்னால்” என்று எனக்கு முன்னரே சொன்னார். அரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மூன்று மணி ஐந்து நிமிடம்.

ஒன்பதாவதில் படத்தை நிறுத்தச் சொன்னார். திரையில் நான் வாயைத் திறந்தபடி, விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிரே பெரிய சோற்றுக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு ஆம்பிளைகள்.

“என்ன சொல்கிறீர்கள் அதில்?”

“சோறு ஆறிவிடும், இப்போது வெளியே எடுக்க வேண்டாம் என்கிறேன்.”

“அவர்கள் கேட்டார்களா?”

“கேட்டார்கள்.”

மிஸஸ் ஹார்டி கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒன்றில் நின்றார். கனகசபை அண்ணையின் கடிதம். சத்தமாக வாசித்தார். ‘மேற்படி பெண்மணி என் மகளின் திருமணத்துக்குச் சமுகமளித்தார். எங்கள் வடை கடினமாக இருந்தது என்று பலர் முன்னிலையில் தெரிவித்தார். இதற்குச் சாட்சிகள் உண்டு.’ மிஸ்டர் எல்லிஸ் அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு பேனை மூடியைக் கழற்றினார்.

ஊருக்குப் போகக் காத்திருந்த மூன்று வருடம் என்றுதான் அதை நான் நினைத்திருந்தேன். அந்த அறையில்தான் தெரிந்தது, அந்த மூன்று வருடமும் நான் வாழ்ந்திருக்கிறேன். மேசை வாங்காமலே, ஒரு நாளையும் விடாமல் வாழ்ந்திருக்கிறேன். லெட்சுமி அக்கா என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

‘உள்ளூர் மாணவி’ என்ற கட்டத்தில் மிஸ்டர் எல்லிஸ் சரி போட்டுத் தன் பெயரையும் எழுதினார். கவுன்சிலுக்கு அன்றே கடிதம் போகும் என்றார். படிவத்தின் கடைசியில், மேலே எழுதியவை யாவும் உண்மை என்று உறுதிமொழி இருக்கும். அதில் நான் கையெழுத்திட வேண்டும்.

“அந்த வாக்கியத்தை எடுத்துவிட விரும்புகிறீர்களா?” என்று கேட்டார். “இனி இருந்தாலும் பாதகமில்லை.”

“இருக்கட்டும்” என்றேன்.

எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு மனதில் ஓர் உறுத்தலும் இல்லாமல் நான் வைத்த முதல் கையெழுத்து அது.

பதிவு மண்டபத்துக்கு ஓடினேன். நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. இளஞ்சிவப்புத் தாளை வாங்கி, முத்திரை குத்தி, என் படம் ஒட்டிய மாணவர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையிட்ட சூடு ஆறுவதற்குள் கையில் தந்தார்கள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் வேலையில் இருந்து நேரே வந்து, சீருடையோடு வாசலில் நின்றார். நான் அட்டையை நீட்டினேன். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு சில்லறை இருக்கிறதா என்று கேட்டு, என் பையைக் கிளறி எடுத்துக்கொண்டு, வீதியைக் கடந்து தொலைபேசிப் பெட்டிக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன்.

“ஓம், என்ரை மனிசிதான். பகல் படிப்பு, இரண்டாம் வருசம். கவுன்சில் கட்டுது. ஓம் ஓம். இல்லையடா, ஒரு வரியும் வெட்டேல்லை. நான் அப்பவே சொல்லிப்போட்டன், ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது எண்டு.”

பிழை கண்டால் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லாதவள் நான். ஆண்டவன் எழுதினாலும் அடியில் கோடு போடுவேன். அன்றைக்குக் கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டு மழையில் நின்றேன். உள்ளே இவர் அடுத்த நாணயத்தைப் போட்டு, அடுத்த ஆளுக்கு முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.